தாழப் பறக்காதை

போர்க்காலம். யாழ்ப்பாணத்து நெல்லியடியில் மண்ணெண்ணெய் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஒரு வயதான அம்மா, பக்கத்தில் நின்ற பெண்ணிடம் சொன்னார்: "என்ரை மகனும் பிளேனிலை ஏறிச் சனத்துக்கு மேலாலை பறக்கப்போறானாம்."

"என்னக்கா கதைக்கிறியள்?"

"குண்டு போட இல்லையடி. கனடாவிலை படிக்கிறானெல்லே. மேலையிருந்து லேசர் வெளிச்சத்தைக் கீழை அடிச்சு, காத்திலை புகையோடை கலக்கிற காபனீரொட்சைட்டு வாயு எவ்வளவெண்டு அளக்கிறதாம். ஆசீர்வாதம் கேட்டு எழுதியிருக்கிறான்."

"எங்கடை அடுப்புப் புகையையும் அளப்பானோ?"

"பிளேன் இரைஞ்சா, புகையைக் கண்டு குண்டு போடுவாங்களெண்டு நாங்கள் அடுப்பை அணைச்சுப்போடுறம். பிறகென்னத்தை அளக்கிறது? அவன்ரை கடிதம் வந்து ஒரு மாதமாச்சு, பதிலுக்கு எனக்கு ஒரு வரியும் எழுத வரேல்லை."

அப்போது விமான இரைச்சல் கேட்டது. எல்லோரும் மதிலோரம் குந்தினோம். சத்தம் கடந்து போய் அடங்கியது. அந்த அம்மா எழும்பிச் சேலையைத் தட்டினார்.

"இண்டைக்கு எழுதிறன். நல்லாப் பற ராசா, ஆனாத் தாழப் பறக்காதை, கீழை சனம் பயப்பிடும் எண்டு."