மூணு ஜாக்கி

— கடைசிச் சீட்டு, ஹாய்ட். அது போயும் போயும் ஆர்ட்டினாவா வந்து விழணும்? முப்பத்தெட்டு வருஷமா யோசிக்கிறேன்.

— நாளைக்கு நான் இந்த லபக் ஊரை விட்டே போறேன், டெல்மர். டல்சாவுல மக வீட்டோட. இன்னைக்கும் அதே கதைதானா?

— எங்கிட்ட வேற எந்தக் கதைய்யா இருக்கு? ஜின்னிங் மில்லுக்குப் பின்னால அந்தத் தகரக் கொட்டாய். பஞ்சுத் தூசுல ஆறு பேர் போக்கர், ஆளுக்குக் கையில ரெண்டு சீட்டு, மேசையில பொதுவா அஞ்சு. நாலு பேர் சீட்டைக் கவுத்துப் போட்டுட்டாங்க, நீயும் நானும்தான் மிச்சம். எனக்கு மூணு ஜாக்கி. மேசையில உன் பிக்கப் வண்டிச் சாவி. கடைசிச் சீட்டு வருது, உனக்கு அஞ்சும் ஆர்ட்டின். என் ஜாக்கி மூணையும் முழுங்கிடுச்சு. என் ராசி அப்படி.

— உன் தலையில விழுந்த இடி ஒவ்வொண்ணும் உனக்கு ஞாபகம் இருக்கு. ஆபிலீன்ல ஒருத்தன் ரெண்டு ராஜா வச்சிருந்தான், உனக்கு ரெண்டு ராணி. கடைசிச் சீட்டுல மூணாவது ராணி வந்து அள்ளிட்டு வந்தியே, அது?

— அது ராசியா? அது திறமை.

— அவன் அழுதான்யா.

— அழுதானா? ஞாபகமில்லையே. ஆப்பிள் பை ஆறுது, தின்னு.

— போறதுக்கு முன்னால ஒண்ணு சொல்லியாகணும். அன்னைக்கு என் கையில...

— வேணாம். காசு போட்டுப் பாக்காதவனுக்குச் சீட்டைக் காட்டக் கூடாது. நாம மீசை முளைச்ச நாள்லேர்ந்து ஆடுற சட்டம். நான் காசு போடல, கவுத்துப் போட்டுட்டேன். முடிஞ்சுது.

— எனக்கு முடியல. சரி, என்ன வச்சிருந்தேன், சொல்லு.

— ஆர்ட்டின் ராஜா, ஆர்ட்டின் ஒம்போது.

— அதை நீ எப்போ பாத்தே? நான்தான் காட்டவே இல்லியே.

— பாத்தேன்னுதான் நெனைக்கிறேன்.

— கிளாவர் நாலு, டைமன் ஏழு. ஒண்ணுத்துக்கும் ஆகாத கை. என் சம்சாரம் லவோனை வாரத்துக்கு ரெண்டு தடவை ஆமரில்லோ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போற வண்டி அது. புத்தி கெட்டுப்போய் அதோட சாவியை வச்சிட்டு, உன்னை மெரட்டிப் பாத்தேன். ஆட்டத்துல அது தப்பில்ல. ஆனா நீ உன் ராசியைத் திட்டத் திட்ட, எதிர்ல உக்காந்து இத்தனை வருஷமா ஆப்பிள் பை தின்னேன் பாரு. லவோனும் போய்ச் சேந்துட்டா. இதையும் தூக்கிட்டு டல்சா வரைக்கும் வண்டி ஓட்ட முடியாதுப்பா. நல்லா நாலு வார்த்தை திட்டு.

— அன்னைக்குக் கொட்டாய்க்குள்ள வர்றப்பவே உன் வண்டியில லவோனோட தலகாணியைப் பாத்துட்டுத்தான் வந்தேன். அப்புறம், கையில சரக்கு இல்லேன்னா உன் காது ரெண்டும் பீட்ரூட்டு மாதிரி செவந்துடும். அன்னைக்கு ஏகச் செவப்பு.

— அப்போ தெரிஞ்சேவா கவுத்தே? பின்ன எதுக்குய்யா கடைசிச் சீட்டு, கடைசிச் சீட்டுன்னு இத்தனை வருஷம் என் உயிரை வாங்கினே?

— ட்ராக்டருக்கு வச்சிருந்த காசை விட்டுட்டு வீட்டுக்குப் போனவன், என் வீட்டுக்காரி ஓபல்கிட்ட வேற என்னத்தைச் சொல்ல? சொல்லிச் சொல்லி, இப்போ அந்த ஆர்ட்டின் ராஜா என் கண்ணுலயே நிக்கறான், ஹாய்ட்.