பரிசீலனையில் இருக்கும் மெயில்

— சத்தியமா சொல்றேன் மாப்ளே, இதுல ஒரு வார்த்தை பொய்னாலும் கீபோர்டு தொட்ட இந்தக் கை விளங்காமப் போகட்டும். மத்தியானம் நீ இங்க என் காலேஜ் ரூம்ல உக்காந்து உன் பையனுக்கு அனுப்பின மெயில் இன்னும் போகல.

— விளையாடாதீங்க அத்தான். ஆபீஸ்லேர்ந்து கண்ணாடியக்கூட மறந்துட்டு ஓடி வர்றேன். எங்க கம்பெனி மெயில்ல, அனுப்பினதைத் திரும்ப இழுக்க ஒரு பட்டன் உண்டு. உங்க காலேஜ் மெயில்ல அது எங்க?

— அப்போ கம்பெனி மெயில்லயே எழுதியிருக்க வேண்டியதுதானே?

— குடும்பச் சண்டைய மேனேஜர் படிக்கவா? நல்ல வேலைய உதறிட்டு ஆராய்ச்சிக்குப் போனான், பொறுத்துக்கிட்டேன். முந்தாநாள் உங்க வீடு வரைக்கும் வந்தவன், அடுத்த தெருவுல இருக்கற அப்பனை எட்டிப் பார்க்கல. 'இனிமே என் வாசப்படி மிதிக்காதே'ன்னு எழுதிட்டேன். அவன் ரோஷக்காரன் அத்தான். படிச்சா நிஜமாவே வரமாட்டான்.

— பதறாதே. கம்பெனி மெயில் கடைக்காரன் மாதிரி. காசு வாங்கிட்டான், நீ எந்தக் குப்பையக் குடுத்தாலும் கட்டி அனுப்பிடுவான். காலேஜ் மெயில் அப்படியில்ல. எதையும் மூணு பேர் குழு படிச்சு, கருத்து எழுதி, ஒப்புக்கிட்டாத்தான் போகும்.

— அடேங்கப்பா.

— எங்க இயற்பியல் புரொபசர் ஒரு பொண்ணுக்குக் காதல் மெயில் எழுதினார். 'ஆதாரம் போதாது'ன்னு திருப்பித் திருப்பி அனுப்பினாங்க. கடைசியா ஒப்புதல் கிடைச்சப்போ அந்தம்மா பேத்திதான் படிச்சுக் காட்டினா.

— உங்களைக் கட்டிக்கிட்டு எங்கக்கா எப்படித்தான் குப்பை கொட்டறாளோ. சரி, என் மெயிலைப் பத்தி அந்தக் குழு என்ன சொல்லுது?

— இரு, வந்திருக்கு. 'எட்டிப் பார்க்கவில்லை என்பது தவறு. மகன் வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றினார். உள்ளே அப்பா யாரிடமோ போனில், எனக்குப் பிள்ளையே இல்லை என்று சொல்வது கேட்டது. செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு போய்விட்டார்.'

— இது எப்படி அவங்களுக்குத் தெரியும்?

— ஆராய்ச்சிக்காரங்கடா. குடையாம விடுவாங்களா? இன்னும் ஒரு வரி இருக்கு. 'வாசப்படி மிதிக்காதே என்பதுதான் எழுதியவரின் இறுதி முடிவா? தெரிவிக்கவும்.' கண்ணை ஏன் கசக்கற?

— ஏசி காத்து.

— அது கெட்டுப்போயி ஒரு மாசமாச்சு.

— அடிங்க அத்தான். 'ஞாயித்துக்கிழமை சாப்பிட வா. அம்மா காத்திருப்பா.' வேணாம், அழிங்க. 'நான் காத்திருப்பேன்.'

— அடிச்சாச்சு. அனுப்பியாச்சு.

— இதையும் அந்த மூணு பேரு படிக்கணுமா? எப்ப போய்ச் சேரும்?

— காலேஜோ கம்பெனியோ, எந்த மெயிலும் பட்டனைத் தட்டினதும் போயிடும் மாப்ளே. குழுவும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான் குழு பாஷையில மாத்திப் படிச்சுக் காட்டினது, உன் பையன் மத்தியானமே போட்ட பதில்.