எழுதினது யாரு?

சிரிச்சேன்தான், இல்லேன்னு சொன்னேனா? அதுக்குன்னு சபைப் பெண்கள் சங்கத் தலைவியே கையில தட்டோட வந்து நிக்கணுமா? என்ன அது, உருளைக்கிழங்கும் சீஸுமா? மேல கார்ன்ஃப்ளேக்ஸ் வேற தூவியிருக்க. சாவு வீட்டுக்கில்ல இதக் கொண்டுபோவோம்? நான் இன்னும் சாகல வில்டா. உக்காரு. நம்ம சபையில காபி ஆகாதுன்னு தெரியும், உன்னக் குடிக்கச் சொல்லமாட்டேன், பயப்படாத. நான் குடிக்கறேன். பிஷப்கிட்ட தாராளமாச் சொல்லிக்கோ. எழுபத்து நாலு வயசுக்கு மேல என்னத் தள்ளி வெச்சு என்ன ஆகப் போகுது?

எதுக்குச் சிரிச்சேனா? ஞாயித்துக்கிழமை வகுப்புல அந்த வாத்தியார் என்ன கேட்டாரு? படிப்பில்லாத ஒரு பண்ணைப் பையன், ரெண்டு மூணு மாசத்துல நம்ம சபையோட அம்மாம் பெரிய வேதத்தச் சொல்லி முடிச்சிருக்கான்னா, அது கடவுள் வேலையில்லாம வேற என்னன்னு கேட்டாரு. ஏன், நல்லாக் கத விடத் தெரிஞ்ச பையனா இருக்கக் கூடாதா?

சரி, அவர். நம்ம சபைய ஆரம்பிச்ச தீர்க்கதரிசி, அவர்னே சொல்றேன், கோவிச்சுக்காத. அந்த வேதம் தங்கத் தகட்டுல எழுதியிருந்துச்சாம், கண்டவங்க பாக்கக் கூடாதாம். அவராவது பாத்துப் படிச்சாரா? ஒரு கல்லத் தொப்பிக்குள்ள போட்டு, மூஞ்சிய அதுல கவுத்துக்கிட்டு அவர் சொல்லச் சொல்ல, இன்னொருத்தர் எழுதினாரு. தகடு பாட்டுக்குத் துணி மூடிப் பக்கத்துல கிடக்குது. அப்புறம் தகடு எதுக்கு, ஊறுகா போடவா? எல்லாம் முடிஞ்சதும் தேவதூதர் வந்து வாங்கிட்டுப் போயிட்டாரு. நல்ல வசதி.

சரி, மொதல்ல எழுதித் தொலஞ்சுபோன அந்த நூத்திப் பதினாறு பக்கத்துக்கு என்ன சொல்ற? எழுதினவர் வீட்டுல காட்டறேன்னு கெஞ்சிக் கேட்டு வாங்கிட்டுப் போனாரு, காணாமப் போச்சு. பொண்டாட்டிதான் ஒளிச்சு வெச்சான்னு ஊரே பேசுச்சு. கடவுள் சொன்னதுதானே, மறுபடி சொன்னா வார்த்த மாறாம வரணுமில்ல? இல்லியாம். எதிரிங்க அந்தப் பழைய தாள்ல திருத்தி வெச்சிருப்பாங்க, அதனால மறுபடி சொல்லாதேன்னு கடவுளே தடுத்துட்டாராம். இருபத்தாறு வருஷம் டைப் அடிச்சவ நான். எழுதின தாள்ல அடிச்சுத் திருத்தினா எனக்குத் தெரியாதா? கண்ணு மங்கின கிழவிக்கும் தெரியும்.

ம்? உன் ஆசீர்வாதமா? அது எதுக்கு இப்ப? வேதத்தப் பத்தித்தானே பேசிட்டிருக்கோம்.

ஆமா, எனக்கு ஞாபகமிருக்கு. கோத்திரப்பிதா யோர்கன்சன் உன் தலையில கை வெச்சு ஆசீர்வாதம் சொன்னப்ப, அதப் பதிஞ்சு டைப் அடிச்சுக் கொடுக்க டேப் ரிக்கார்டரோட பக்கத்துல உக்காந்திருந்தது நான்தானே. இனி உனக்கு என்னென்ன நடக்கும்னு கடவுளே அவர் வாயால சொல்றது, ஆயுசுக்கு ஒரு தடவதான் கிடைக்கும் அது. உனக்கு அப்பப் பதினேழு வயசு. அதுல சொன்னபடிதான் உனக்கு நாப்பத்திரண்டு வயசுல பையன் பொறந்தான், தெரியும். ஊருக்கே தெரியும்.

என்னது, சனிக்கிழமை அந்த ஆசீர்வாதத்தப் படிக்கப் போறியா? பையனுக்கு ஞானஸ்நானம் கொடுக்கறப்பவா? அத்தன பேர் முன்னாலயா? அதக் கேட்டுட்டுச் சந்தேகப்பட முடியுமான்னு பாக்கத்தான் என்னையும் கூப்பிடறியா?

வேணாம் வில்டா. பையிலயிருந்து எடுக்காத. பிரிக்காத, எனக்கு மனப்பாடம். உன் கூடப் பிறந்தவர்களின் தொட்டில்கள் எல்லாம் நிறைந்த பின், நீ நம்பிக்கை இழந்த நாளில், உன் மடிக்கு ஒரு குழந்தை வரும். சரியா இருக்கா?

ஆயிரம் பேருக்கு மேல அடிச்சிருப்பேன். எல்லாம் ஞாபகமிருக்கான்னா, இல்ல. இது ஒண்ணுதான்.

அந்த டேப்புல ஒண்ணுமே இல்ல. ரெண்டு பட்டனச் சேத்து அமுக்கணும், நான் ஒண்ணத்தான் அமுக்கியிருக்கேன். போய்க் கேக்கலாம்னா அதுக்குள்ள யோர்கன்சனுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு நின்னுபோச்சு. உங்கம்மா தாள் எங்க, தாள் எங்கன்னு தினம் போன் பண்றாங்க. அன்னிக்கு அவர் சொன்னதுல உனக்கும் ஒண்ணும் ஞாபகமில்ல, முழுக்க அழுதுட்டிருந்த. எனக்கும் நீ எப்ராயீம் கோத்திரம்ங்கற வரைக்கும்தான் நெனப்பு. அது எல்லாருக்கும் சொல்றதுதான். மிச்சத்த நான் எழுதினேன். அடுப்புல கிழங்கு வேகறதுக்குள்ள முடிச்சுட்டேன். அவர் படிச்சுக்கூடப் பாக்காம இடது கையால கையெழுத்துப் போட்டாரு.

சொல்லாமலே போயிடலாம்னுதான் இருந்தேன். நீ அவனத் தண்ணியில நிக்க வெச்சு இதப் படிக்கறேங்கற.

குழந்தன்னு ஏன் எழுதினேனா? அந்த வருஷம் எனக்கு நாப்பத்தொண்ணு. என் கூடப் பிறந்தவளுங்க நாலு பேருக்கும் பிள்ளைங்க இருந்துச்சு. யாராவது என் தலையில கை வெச்சு என்ன சொல்லணும்னு நான் ஏங்கினேனோ, அத அடிச்சுட்டேன். எனக்காக எழுதினதும்மா அது. உன் வீட்டுக்கு வந்துடுச்சு.