அலுமாரியில் பூட்டிய ஈர்க்கு

அம்பிட்டிய பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு ஆசிரியைகள் உட்கார்ந்திருந்தார்கள். இளையவர் திடீரென்று சொன்னார்:

"என் வகுப்புல யாரும் கடன் வாங்க மாட்டாங்க, அக்கா."

"கடன் வாங்காமக் கழித்தல் கணக்கா? நாமெல்லாம் அப்படித்தானே படிச்சோம்?"

"படிச்சோம். விளங்கிச்சா? முப்பத்திரண்டுல பதினேழைக் கழின்னா, பிள்ளைங்க ஏழுல இரண்டைக் கழிச்சிட்டு இருபத்தைஞ்சுன்னு எழுதுதுங்க. அதான் ஈர்க்கைப் பத்துப் பத்தாக் கட்டிக் கொடுத்தேன். ரெண்டுல ஏழு போகலன்னா ஒரு கட்டை அவிழ்த்துக்கச் சொன்னேன்."

"பள்ளிக்கூட அதிபர் ஒண்ணும் சொல்லலையா?"

"நேத்து வந்து, பாடத்தை விளையாட்டாக்குறீங்கன்னு ஏசினார். எல்லாக் கட்டையும் அள்ளி அலுமாரியில வச்சுப் பூட்டிட்டார். இனிமே பழைய மாதிரி நடத்தாட்டி வகுப்பையே மாத்திடுவாராம்."

"பேசாம அவர் சொல்றபடி நடத்திடுங்களேன்."

"நடத்த மாட்டேன்னு அவர் முகத்துக்கு நேராவே சொன்னேன். பிள்ளைங்க கேட்டுக்கிட்டுத்தான் இருந்தாங்க. காலைல போய்ப் பார்த்தா, எல்லாப் பிள்ளையும் வீட்டு விளக்குமாத்துல உருவின ஈர்க்கோட உட்கார்ந்திருக்கு!"

மூத்தவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "ஐயோ, அதையும் வந்து பூட்டினா?"

"பூட்டட்டும். ஊர்ல விளக்குமாறு இல்லாத வீடு எது?"