சுவரில் கரிக்கோடு

— எந்திரிச்சுக் கும்புட முடியல, தப்பா நெனச்சுக்காதீங்க வாத்தியாரே. இடுப்பு மரக்கட்டையாட்டம் நிக்குது. குனியாதவள எவன் களையெடுக்கக் கூப்புடறான்?

— உக்காந்தே இருங்க நஞ்சம்மா. உங்க பொண்ணு பாஞ்சாலியத் தேடித்தான் வந்தேன். பள்ளிக்கூடத்துப் பக்கமே காணமே.

— ஏரிக்கரை கெணத்துக்குத் தண்ணிக்குப் போயிருக்கா. வெயில் ஏறித்தான் வருவா. சாயங்காலம் இன்னொரு நடை.

— குடிக்க ஒரு கொடம் போதாதா? மத்ததுக்கு வூட்டுக்கு முன்னால கல்லுக்கெணறு இருக்குதே.

— அது ஆவாதுன்னு சொன்னவளே அவதானுங்களே? ‘கேள்விய நீங்களே கேளுங்க, நீங்களே சோதிச்சுப் பாருங்க’ன்னீங்களாம் வகுப்புல. ஊருப் புள்ளைங்க வாயெல்லாம் தொறக்கச் சொல்லிப் பாத்தா. கல்லுக்கெணத்துத் தண்ணி குடிச்சதுங்களுக்குப் பல்லெல்லாம் காவி. ஏரிக்கரைத் தண்ணி குடிச்சதுங்களுக்கு வெள்ளை. கெணத்துக்காரரு, ‘பல்லு வெளக்காத கழுதைங்களுக்கு எங்கெணறு கேடா’ன்னு சத்தம் போட்டாரு.

— அதையும் அவ விடலைங்க. எல்லாரையும் ஒரு மாசம் வேப்பங்குச்சியில வெளக்க வெச்சா. காவி போகல. அது நான் சொல்லிக் குடுத்ததில்ல, அவளே யோசிச்சது. படிப்ப முடிச்சா டீச்சராவே ஆயிடுவா. அனுப்பி வைங்கம்மா.

— நான் எங்க நிறுத்துனேன்? அடுத்த சோதனை பண்றாளாம். அந்தச் செவுத்தப் பாருங்க.

— கரிக்கோடா?

— அமாவாசைக்கு அமாவாசை என்னக் குனியச் சொல்லுவா. வெரலு எட்டற எடத்துல ஒரு கோடு. நல்ல தண்ணி குடிச்சா ஆத்தா இடுப்பு வளையுமான்னு பாக்கறாளாம்.

— கோடு கீழ எறங்கிட்டே வருதே! அந்தத் தண்ணியில இருந்து பல்லக் கெடுத்த ஃபுளோரைடு உப்புதான் உங்க எலும்பையும் இறுக்கிடுச்சு, இனிமே எளகாதுன்னு தருமபுரி டாக்டரு சொன்னாரு. அவகிட்டச் சொல்ல எனக்கு வாய் வரல. இதப் பாத்தா...

— மொழங்கால மடக்கறேன் வாத்தியாரே. பொடவைக்குள்ள தெரியறதில்ல. இடுப்பு ஒரு வெரக்கடை கூட எறங்கல.

— ஏம்மா அப்படிச் செஞ்சீங்க?

— மொதத் தடவ கோடு எறங்காதப்ப அவ மொகத்தப் பாக்க முடியல. தண்ணிக்கு நடந்தே அவ படிப்பு போவுதேன்னு நேத்து அமாவாசைக்கு மடக்காம நின்னேன். கோடே போடல அவ. ‘தண்ணி பத்தல ஆத்தா’ன்னு இன்னைக்கு ரெண்டு கொடத்த எடுத்துட்டுப் போயிருக்கா.

— நீங்களே சொல்லிடலாமே.

— நான் சொன்னா, அவ கஷ்டத்தப் பாத்துப் பொய் சொல்றேம்பா. நீங்க சொன்னா நம்புவா. அதோ வந்துட்டா, தலையில ஒண்ணும் இடுப்புல ஒண்ணுமா. சொல்லிட்டுப் போங்க.

— வாங்க சார். எப்ப வந்தீங்க? எங்காத்தா கோட்டப் பாத்தீங்களா?

— பாத்தேன் பாஞ்சாலி.

— மழை வர்றதுக்குள்ள தரையத் தொட்டுரும், இல்லீங்க சார்?

— தொடும்... தொடும்மா. நல்லா எறங்குது.

— கொடத்த எறக்கி வெய்யி சாமி. வாத்தியாரே, எம்பொண்ணுக்கு ஒரு நெசம் பாக்கி வெச்சுட்டுப் போறீங்க.