தோண்டி எடுக்கப்பட்டதாகச் சொல்லப்படும் பூவைப் பற்றி

பெயர்: சல்கினாய் எசென்குலோவா. வயது: 46. தொழில்: தாவரவியல் ஆய்வாளர். விலாசம்: பிஷ்கெக் நகரம், ஓக் பூங்காவின் பின்தெரு, மூன்றாம் மாடி. காவல் நிலையத்தில் கேப்டன் அசானொவ் முன்னிலையில், எவருடைய தூண்டுதலும் இன்றிச் சொல்லி எழுதிக்கொள்ளப்பட்டது.

நான் மேற்படி விலாசத்தில் தனியாக வசித்து வருகிறேன். மலைச்சரிவுகளில் தானாக முளைக்கும் துலிப் பூக்களை ஆராய்வது என் வேலை. இவ்வழக்கில் காவலில் உள்ள பெக்துர் ஜோல்தோஷேவ் எனக்கு உறவினர் அல்ல. ஆராய்ச்சிக் கட்டுரைகள் இதழில் அச்சாகும் முன்பே எல்லோரும் படிக்கும்படி இணையத்தில் ஏற்றும் தளம் ஒன்றை அவர் உருவாக்கி நடத்தி வருகிறார். என்னை அக்கா என்று அழைப்பார். காரியம் ஆக வேண்டுமென்றால் இரண்டு முறை அழைப்பார்.

எங்களைப் போன்றவர்கள் மாதம் ஒருமுறை ஒரு புத்தகக் கடையின் மாடியில் கூடுவதுண்டு. அதற்குப் பியாலா மாலை என்று பெயர். அறிவியல் இதழ் ஒன்றின் ஆசிரியரான கபார் அதை நடத்துகிறார். மேடை கிடையாது, தலைமை உரை கிடையாது. ஆராய்ச்சியைப் பற்றியோ அதை வெளியிடும் கருவிகளைப் பற்றியோ சொல்ல ஏதாவது இருப்பவர், கையில் பியாலாவோடு, அதாவது தேநீர்க் கிண்ணத்தோடு, எழுந்து நின்று பேசுவார். கடிகாரம் பார்ப்பதில்லை. பேசுகிறவருக்குக் கபார் பாதிக் கிண்ணம் தேநீர் ஊற்றுவார், அது மரியாதை. பேச்சு நீண்டால் விளிம்பு வரை ஊற்றிவிடுவார், கிளம்பலாம் என்று பொருள். கேப்டன் தம் மாமியார் வீட்டிலும் அப்படித்தான் என்றார். அதை எழுத வேண்டாம் என்றும் சொன்னார். சொன்னதும் கேட்டதும் எல்லாம் இருக்கட்டும் என்று நான் கேட்டுக்கொண்டதால் எழுதப்பட்டது.

ஏப்ரல் மாதக் கூட்டத்துக்கு நான் போயிருந்தேன். முதலில் ஒரு நூலகப் பெண், கட்டுரைகளின் அடியில் கொடுக்கப்படும் இணைய முகவரிகள் சில வருடங்களில் எப்படிச் செத்துப்போகின்றன என்று பேசினார். அதன் பிறகு ஒருவர், ஒரே புகைப்படத்தை இரண்டு கட்டுரைகளில் ஒட்டுகிறவர்களைப் பிடிக்கும் இயந்திரத்தைப் பற்றிப் பேசினார். விளக்கை அணைத்திருந்தார்கள். சன்னலுக்கு வெளியே பனிமலை முதலில் இளஞ்சிவப்பாகி, பிறகு நீலமாகி, பிறகு இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் ஆனது. எண்ணெயில் பொரித்த பூர்சோக் ரொட்டியின் வாசனையில் எல்லோருக்கும் கண் சொக்கியது. நான் தூங்கவில்லை, தூக்கத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

அதன் பிறகு பெக்துர் எழுந்தார். தமது தளத்தில் ஒரு கட்டுரை எப்படி வெளியாகிறது என்று செய்து காட்டுவதாக ஏற்பாடு. அதற்காக, இன்னும் எந்த இதழுக்கும் அனுப்பாத என் கட்டுரையின் வரைவைக் கேட்டு வாங்கியிருந்தார். "பொம்மைக் கட்டுரையைக் காட்டினா எவன் பார்ப்பான்? உங்க பூவைக் குடுங்க அக்கா, அக்கா. ஒத்திகைத் தளத்துலதான் ஏத்துவேன். கூட்டம் முடிஞ்சதும் தொடச்சு விட்டுடறேன்." நான் கொடுத்தேன்.

திரையில் என் பூ வந்தது. இதுவரை பெயர் வைக்கப்படாத துலிப். உள்ளே மஞ்சள், வெளியே புகை படிந்த ஊதா. வெயில் பட்டால்தான் விரியும். அன்று வெயில் இல்லாமலே சுவர் முழுக்க விரிந்தது. படம்காட்டும் கருவியின் குறுக்கே அமர்ந்திருந்த கபாரின் வெள்ளைச் சட்டையிலும், நரைத்த தலையிலும், எல்லோருடைய கிண்ணங்களிலும் மஞ்சள் நிறம் விழுந்தது. ஒருவரும் அசையவில்லை. என் வாழ்நாளில் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது குறைவு. பெக்துரும் தம் தளத்தை மறந்துவிட்டு, நான் அவருக்குச் சொன்னதையெல்லாம், சொல்லாததையும் சேர்த்து, பூவைப் பற்றியே பேசிக்கொண்டு போனார்.

கபார் எழுந்து வந்து அவர் கிண்ணத்தை விளிம்பு வரை நிரப்பினார். "தம்பி, பூவைக் கட்டிக்கிட்டது போதும், பொத்தானுக்கு வா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பெக்துரும் சிரித்தார். கை அசைந்து சூடான தேநீர் விரலில் கொட்டியது. அந்தப் பதற்றத்தில் அவசரமாக 'வெளியிடு' பொத்தானை அழுத்தினார். திரையில் அருகருகே ஒத்திகைத் தளமும் உண்மைத் தளமும் திறந்திருந்தன. அவர் அழுத்தியது உண்மைத் தளத்தில். திரையில் கட்டுரைக்கான நிரந்தர எண் வந்தது. கூட்டம் கைதட்டியது. அவர் மட்டும் தட்டவில்லை. "அக்கா, இது ஒத்திகை இல்ல" என்றார்.

அந்த எண் கொடுத்தது கொடுத்ததுதான், திரும்ப வாங்க முடியாது. கட்டுரையை எடுத்துவிட்டாலும் இங்கே ஒன்று இருந்தது என்று சொல்லும் பக்கம் நின்றுகொண்டிருக்கும். பெக்துர் கையில் ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து கட்டுரையை எடுத்தார். அதற்குள் வேறு தளங்களின் இயந்திரங்கள் அதை நகலெடுத்துவிட்டன. பூ இருக்கும் இடமும் அதில் இருந்தது: கைங்தி புலாக், கிழக்குச் சரிவு.

அதன் பிறகு ஒரு வாரத்துக்குள் அந்தச் சரிவு முழுவதும் குழி குழியாகத் தோண்டப்பட்டிருப்பதாக வனக்காவலர் தகவல் தந்தார். அரிய துலிப் கிழங்குகளுக்கு வெளிநாட்டுத் தோட்டக்காரர்கள் என்ன விலையும் கொடுப்பார்கள் என்பது கேப்டனுக்குத் தெரியும். எங்கள் ஆய்வகத்தின் இயக்குநரும் நானும் போய்ப் பார்த்தோம். அவர் குழிகளின் நடுவே நின்று அழுதார். நான் அழவில்லை. "கல்நெஞ்சுக்காரி" என்றார். மறுநாள் அவர்தான் புகார் கொடுத்தார். அழிந்துவரும் செடியின் இருப்பிடத்தைப் பெக்துர் வேண்டுமென்றே விற்றுவிட்டார், பொத்தான் விஷயம் நாடகம் என்பது புகார். கிழங்கு வியாபாரி ஒருவரின் விசாரிப்பு பெக்துரின் கைபேசியில் இருந்தது. அதற்கு அவர் பதில் எழுதவில்லை என்பதை யாரும் பொருட்படுத்தவில்லை.

இனி நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். கைங்தி புலாக் சரிவில் அந்தப் பூ ஒருபோதும் இருந்ததில்லை. எங்கள் தொழிலில் கிழங்குத் திருடர்களுக்குப் பயந்தவர்கள் வரைவில் உண்மையான இடத்தைப் போடமாட்டோம். வேறொரு சரிவைப் போட்டுவைத்து, இதழுக்கு அனுப்புகிற அன்றுதான் திருத்துவோம். அந்தச் சரிவில் காட்டு வெங்காயம்தான் உண்டு. தோண்டியவர்கள் வெங்காயத்தை மூட்டை கட்டிப் போயிருக்கிறார்கள். எங்கோ ஒரு சீமான் வீட்டுத் தோட்டத்தில் அது முளைத்து வாசம் வீசிக்கொண்டிருக்கும். ஆகவே இவ்வழக்கில் அழிந்த துலிப் ஒன்றும் இல்லை.

கைதுக்குப் பிறகு நான் சம்சா எடுத்துக்கொண்டு பெக்துரைப் பார்க்கப் போனேன். வாசலில் கேப்டன் ஒன்று எடுத்துக்கொண்டார். மேற்படி விஷயத்தைப் பெக்துர் காதில் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் சம்சா புரையேறியது. இன்றைக்கே வந்து எழுதிக் கொடுக்கிறேன் என்றேன்.

"வாயைத் தெறக்காதீங்க அக்கா" என்றார். "தோண்டியாச்சு, தீந்துபோச்சுன்னு ஊரே நெனைக்குது. அதைவிடப் பத்திரம் எங்க கெடைக்கும்? நீங்க இப்போ எழுதிக் குடுத்தா இதுவும் வெளியீடுதான். நாளைக்கே மலை மலையா ஏறித் தேடுவானுங்க. பூ நிக்கிற வரைக்கும் மஞ்சள் தூரத்துலயே தெரியும்."

"உனக்குக் கல்யாணம் நிச்சயம் ஆயிருக்குடா" என்றேன்.

"என்னைப் போலீஸ் இழுத்துக்கிட்டு வந்த அன்னிக்கும் அவ எனக்குப் பாதிக் கிண்ணம்தான் ஊத்தினா, இன்னும் நிரப்பல. காத்திருப்பா. பூ கொட்டினதும் வாங்க."

நான் வீட்டுக்குப் போய் அழுதேன். குழிகளுக்கு வராத அழுகை அன்று வந்தது. அதன் பிறகு ஒவ்வொரு காலையும் மலைக்குப் போனேன். கைபேசியை வீட்டில் வைத்துவிட்டுப் போனேன். பூ காற்றில் ஆடும்போது பார்க்கச் சகிக்கவில்லை. உதிர்ந்து தொலையேன் என்று அதனிடமே வாய்விட்டுச் சொல்லியிருக்கிறேன். இருபது வருடமாக நான் தேடிய பூ அது. நேற்று வெயிலில் கடைசி இதழும் விழுந்தது. இப்போது அது புல்லோடு புல். நானே தேடினாலும் சிரமப்படுவேன். உதிர்ந்த இதழ்களை உறையில் போட்டுக் கொண்டுவந்து கேப்டன் மேசையில் வைத்திருக்கிறேன். வாடியிருந்தாலும் அந்தக் குழிகள் தோண்டப்பட்ட பிறகு உதிர்ந்த இதழ்கள் என்பதை எந்தத் தாவரவியலாளரும் சொல்லிவிடுவார்.

இவ்வளவு நாள் ஏன் வரவில்லை என்று கேப்டன் கேட்டார். பூ உதிரக் காத்திருந்தேன், அந்த நாட்களைப் பெக்துர் உள்ளே கழித்தார் என்று சொன்னேன். அதற்கு என்மீது வழக்கு போடுவதானால் போடலாம். பூ எந்த மலையில் இருக்கிறது என்று கேட்டார். மறுபடி கேட்டார். கேப்டனுக்குத் தேநீர் வந்திருந்தது. நான் எழுந்து கெட்டிலை எடுத்து அவர் கிண்ணத்தை விளிம்பு வரை நிரப்பினேன்.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, கூட்டவும் இல்லை குறைக்கவும் இல்லை. சொல்லாமல் விட்டது ஒன்றே, அதையும் தெரிந்தே விட்டேன். இது உண்மை.

(ஒப்பம்) ச. எசென்குலோவா