மை வேண்டாத அரக்கன்

— நாளைக்கு எங்க ஸ்கூல் ஆண்டு விழாவுக்கு நீ வராத நைனா.

— ஏன் கீர்த்தனா? உன் டான்ஸ் பாக்கத்தான ஷூட்டிங்ல அரை நாள் லீவு சொல்லிட்டு வந்துகீறேன்.

— கிளாஸ்ல எல்லாரும் நீ நடிக்கிற அந்த சாமி சீரியல் பாக்குறாங்க. நீதான் அந்த அரக்கன்னு தெரிஞ்சிடும்.

— தெரியட்டுமே, பெருமைதான? மாமல்லபுரம் பீச்சுல எரநூறு பேர நிக்க வெச்சாங்க. அரக்கன் வேஷம்னா ஒடம்பு பூரா கறுப்பு மை. மேக்கப்காரரு என்னாண்ட வந்தாரு, மேலயும் கீழயும் பாத்தாரு. உனக்கு மை வேணாம்பா, நீ டைரக்ட்னாரு. மை பூசாம நின்னது உங்க நைனா ஒர்த்தன்தான்.

— அத வெளிய சொல்லிக்கினு திரியாத. என் கிளாஸ் சுஷ்மிதா கேக்குறா, அரக்கனுங்கல்லாம் ஏன் உன்ன மாதிரியே கீறாங்கன்னு. நான் பக்கத்துல ஒக்காந்தா, அரக்கி வராடின்னு சாப்பாட்டு டப்பாவ மூடிக்கிறா.

— பசங்க வெளாட்டு, வுடு. நான் செத்த சீன் பாத்தாங்களா?

— பாத்தாங்க. மறுநா மிஸ்ஸு அதப் பத்திக் கேட்டாங்க. அந்தக் கறுப்பன் செத்தான்னு கிளாஸே கை தட்டுச்சு.

— பாத்தியா, நடிப்பு அவ்ளோ நல்லா வந்துகீது. நீயும் தட்டினியா?

— நான்தான் மொதல்ல தட்டினேன். தட்டலன்னா கண்டுபுடிச்சிடுவாங்கல்ல.

— சரி, தட்டினா தட்டிட்டுப் போ. எல்லார் வூட்லயும் அப்பா வருவாங்க. உனக்கு மட்டும் வரலன்னா மிஸ்ஸு கேக்க மாட்டாங்களா?

— அட்மிஷனுக்கு அம்மாதான வந்துச்சு, உன்ன அங்க யாரும் பாத்ததே இல்ல. மிஸ்ஸாண்ட அப்பா போட்டோ காட்டிட்டேன்.

— என் போட்டோவா?

— இல்ல, ஷூட்டிங்குக்கு என்னக் கூட்டினு போனப்ப ஒரு போட்டோ எடுத்தியே. உன்ன ஈட்டியால குத்தினாரே, ரோஹித்து, அந்த தேவ வீரர். அவராண்ட என்ன நிக்க வெச்சு நீதான எடுத்த.

— அவரு செக்கச் செவேல்னு கீறாரு கண்ணு. உன்னப் பாத்தா யாராவது நம்புவாங்களா?

— நான் எங்கம்மா மாதிரின்னு சொன்னேன், நம்பிட்டாங்க. அவரு உன் பிரெண்டுதான நைனா? நாளைக்கு அவர பைக்ல கூட்டினு வந்து ஸ்கூல் கேட்டாண்ட எறக்கி வுட்டுட்டுப் போயிடு. ஹெல்மெட்ட மட்டும் கழட்டாத.